பிள்ளை எப்போது பேசும்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேச்சுப் பயிற்சி அறையில் என் எதிரே உட்காரும் அம்மா அப்பாக்கள் கேட்கும் கேள்விகள் இவை. பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியவை. பதில்களில் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பிள்ளையோடு பேசும்போது காத்திருக்க வேண்டும். பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

எந்த வயதில் எவ்வளவு பேச வேண்டும்?

இந்தத் தேதிக்கு இத்தனை சொல் என்று கணக்கு கிடையாது. ஒரு வரம்பு உண்டு, அது கொஞ்சம் அகலமான வரம்பு.

பிறந்த குழந்தைக்கே அம்மாவின் குரல் தெரியும்; வயிற்றுக்குள் கேட்டுப் பழகிய குரல் அது. இரண்டு மூன்று மாதத்தில் ‘ஊ’, ‘ஆ’ என்று நீட்டி விளையாடும். ஆறு மாதத்துக்கு மேல் ‘பாபாபா’, ‘மாமாமா’ தொடங்கும். அது இன்னும் சொல் ஆகவில்லை. ஆனாலும் “அம்மான்னு சொல்லிட்டா!” என்று வீடு கொண்டாடினால் நான் கெடுக்க மாட்டேன். தன் சத்தத்துக்கு ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிவது அப்போதுதான்.

ஒன்பது மாதத்துக்கும் ஒன்றேகால் வயதுக்கும் இடையில் விரல் நீட்டிக் காட்டத் தொடங்கும். இதை யாரும் பேச்சுக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் சொல்லைவிட நான் இதைத்தான் முதலில் விசாரிப்பேன். ‘அதை எடுத்துக் கொடு’ என்று கை நீட்டுவது ஒன்று. ‘அதோ பாரேன்’ என்று விரலை நீட்டிவிட்டு, நீங்கள் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது வந்துவிட்டால் உரையாடல் தொடங்கிவிட்டது. சொல் மட்டும்தான் பாக்கி.

முதல் சொல் ஒரு வயதை ஒட்டி வரும். ஒன்றரை வயதில் சில பிள்ளைகள் ஐந்தாறு சொல் பேசும், சில ஐம்பது பேசும், இரண்டுமே நடப்பதுதான். இரண்டு வயதில் சுமார் 50 சொல்லும், ‘அப்பா வா’, ‘பந்து இல்ல’ என்று இரண்டு சொல்லைச் சேர்ப்பதும் இருக்க வேண்டும். மூன்று வயதில் சின்னச் சின்ன வாக்கியங்கள் வரும், வெளியாளுக்கு முக்கால்வாசியாவது புரியும். நான்கு வயதில் காலையில் நடந்ததை மாலையில் சொல்லத் தெரியும், கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும்.

இணையத்தில் தேடினால் வேறு எண்களும் கண்ணில் படும். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, எந்த வயதில் பிள்ளை என்ன செய்யும் என்ற தன் பட்டியலை 2022-இல் திருத்தியது. நான்கில் மூன்று பிள்ளைகளாவது செய்யக்கூடியதைத்தான் ஒவ்வொரு வயதிலும் வைத்தது. அதில் 50 சொல் என்பது இரண்டரை வயதுக்குத் தள்ளிப்போனது. என் துறையில் பலருக்கு அதில் உடன்பாடில்லை, எனக்கும்தான். ஆனால் இரண்டு வயதில் இரு சொல்லைச் சேர்ப்பது அந்தப் பட்டியலிலும் அப்படியே இருக்கிறது. குழப்பமாக இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் புரிகிறது, பேச மட்டும் மாட்டேன் என்கிறான். சோம்பேறித்தனமா?

இரண்டு வயதில் சோம்பேறித்தனத்தால் பேசாத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. பேச்சு வந்தால் காரியம் சீக்கிரம் நடக்கும். அந்த லாபத்தை எந்தப் பிள்ளையும் விடாது.

‘எல்லாம் புரிகிறது’ என்பதை மட்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கையில் செருப்பை எடுத்துக்கொண்டு “வெளிய போலாமா?” என்றால் பிள்ளை கதவுக்கு ஓடும். புரிந்தது சொல்லா, செருப்பா? கை, கண், தலை எதையும் அசைக்காமல், பிள்ளை எதிர்பார்க்காத நேரத்தில், “உன் தொப்பி எங்க இருக்கு?” என்று கேளுங்கள். தேடிப் போனால் சொல் புரிகிறது.

புரிதல் நன்றாக இருந்து, விரல் காட்டுவதும் இருந்து, பேச்சு மட்டும் தாமதம் என்றால் நிலைமை பெரும்பாலும் நல்லதுதான். புரிதலும் குறைவு என்றால் அடுத்த வாரமே பார்க்க வேண்டிய விஷயம்.

“பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க. இவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினார்” என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

இதில் பாதி உண்மை. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் சராசரியாகச் சற்றுப் பின்னால்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த வித்தியாசம் சில வாரங்கள், மிஞ்சினால் ஓரிரு மாதங்கள். ஒரு வருடத் தாமதத்துக்கு ‘பையன்’ என்பது பதில் ஆகாது.

அப்பா தாமதமாகப் பேசினார் என்ற கதை ஆறுதலுக்காகச் சொல்லப்படுவது. எனக்கு அது தகவல். பேச்சுத் தாமதம் குடும்பத்தில் ஓடக்கூடியது. அதனால் அந்தக் கதை உள்ள வீட்டுப் பிள்ளையை நான் கொஞ்சம் முன்னதாகவே பார்க்க விரும்புவேன்.

இரண்டு வயதில் தாமதமாக இருக்கும் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், யார் பிடிப்பார், யார் பிடிக்க மாட்டார் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல எங்களுக்கே முடிவதில்லை. பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினால் உங்களுக்கு ஒரு மதியப் பொழுது நஷ்டம். பார்க்காமல் ஒரு வருடம் விட்டு, பிரச்சினை இருந்தது என்று தெரிந்தால் அந்த வருடம் திரும்பி வராது.

கதவைத் தட்டினால் திரும்புகிறாள். எதற்குச் செவித்திறன் சோதனை?

கதவைத் தட்டும் சத்தம் கனமானது. தரையில் அதிர்வாகவும் வரும். பேச்சில் ‘ச’, ‘ஸ்’, ‘த’ போன்ற ஒலிகள் மெல்லியவை, உச்சமான சுருதியில் இருப்பவை. அவை மட்டும் கேட்காத பிள்ளை உண்டு. அவள் கூப்பிட்டால் திரும்புவாள், பாட்டுக்கு ஆடுவாள். ஆனால் அவள் காதில் விழும் பேச்சு ஓட்டை விழுந்த துணி மாதிரி இருக்கும்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒருவர் முதல் மூவர் வரை நிரந்தரச் செவித்திறன் குறைவோடு பிறக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குதல். உலகெங்கும் சொல்லப்படும் 1-3-6 கணக்கு இதுதான்.

பிறந்தபோது ‘பாஸ்’ என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் இப்போது மீண்டும் பார்க்க வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்பதுபோல் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும். பல நேரம் தானே வடிந்துவிடும், சில நேரம் வடியாது. ஓஏஇ, பெரா போன்ற செவித்திறன் சோதனைகளில் பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை. தூக்கத்திலேயே எடுத்துவிடலாம், ஊசி கிடையாது.

பேச்சுத் தாமதம் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இந்த ரிப்போர்ட்டைத்தான்.

நாள் முழுக்கப் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். அப்புறம் ஏன் அவன் பேசவில்லை?

அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வயதைத் தாண்டிய பையன். தரையில் உட்கார்ந்து சின்னக் காரை முன்னும் பின்னும் உருட்டுகிறான். அம்மா பக்கத்தில். “இது என்ன? கார். சொல்லு, கார். என்ன கலர்? சிவப்பு. சக்கரம் எங்க? எத்தனை சக்கரம்? ஒன்னு, ரெண்டு… சொல்லு பாப்போம்.” முழுசாக அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பையன் மெல்லத் திரும்பி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

நல்ல அம்மா. அக்கறையில் குறையில்லை. ஒரே ஒரு மாற்றம்தான் கேட்டேன்: “மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதுவரை அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள்.” அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று முகத்திலேயே தெரிந்தது. ஏழெட்டு எண்ணியிருப்பார். பையன் காரை நாற்காலிக்கு அடியில் தள்ளினான். அது மறைந்ததும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அம்மா, “போயிடுச்சு!” என்றார். அவ்வளவுதான். பையன் சிரித்தான். தவழ்ந்து போய்க் காரை எடுத்து வந்து மறுபடி தள்ளினான், மறுபடி பார்த்தான். “போயிடுச்சு!” நான்காவது முறை காரைத் தள்ளிவிட்டு அவனே “போச்” என்றான்.

நிறையப் பேச வேண்டும் என்ற அறிவுரை தப்பில்லை, அரைகுறை. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைச் சின்ன ஒலிப்பதிவுக் கருவியால் பதிந்து, பிறகு கதை கேட்கும்போது அவர்கள் மூளை எப்படி இயங்குகிறது என்று ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பெரியவர்கள் மொத்தம் எத்தனை சொல் பேசினார்கள் என்பதைவிட, பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையே பேச்சு எத்தனை முறை கைமாறியது என்பதோடுதான் மூளையின் மொழிப் பகுதியின் இயக்கம் பொருந்தி வந்தது.

பந்து விளையாட்டு மாதிரிதான் இது. நீங்களே பத்துப் பந்தை அடுத்தடுத்து வீசினால் பிள்ளை என்ன செய்யும்? ஒன்றை வீசிவிட்டு நில்லுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பதிலை யோசித்து, வாயைத் தயார்செய்து, சத்தமாக்க நேரம் எடுக்கும். நமக்கு அரை நொடியில் நடப்பது அவர்களுக்கு ஐந்து நொடி, பத்து நொடி ஆகலாம். திரும்பி வருவது சொல்லாக இருக்க வேண்டியதில்லை. பார்வை, விரல், ஒரு ‘ஆங்’, எல்லாமே பந்துதான்.

கேள்வியைக் குறையுங்கள். உங்களுக்கே விடை தெரிந்த கேள்வி உரையாடல் இல்லை, பரீட்சை. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உட்காரும் இடமும் முக்கியம்: முகத்துக்கு நேராக, கண் மட்டத்தில். நின்றுகொண்டு பேசினால் பிள்ளைக்குத் தெரிவது உங்கள் முழங்கால்தான்.

“தண்ணின்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்.” இது சரியா?

வேண்டாம். சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்கும். தாகத்தோடு நிற்கும் பிள்ளை அந்த நிமிடத்தில் கற்றுக்கொள்வது அழத்தான்.

அதற்குப் பதில் சின்னச் சூழ்ச்சிகள் உண்டு. டம்ளரில் ஒரே வாய்த் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். தீர்ந்ததும் பிள்ளை உங்களைப் பார்க்கும். “இன்னும்?” என்று கேட்டுக் கொஞ்சம் நில்லுங்கள். தலையாட்டினாலும் டம்ளரை நீட்டினாலும் ஊற்றிவிடுங்கள். பிடித்த பொம்மையை மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரியும் டப்பாவில் போட்டுக் கையில் கொடுங்கள். சட்டையைத் தலைகீழாக மாட்டப் பாருங்கள். பிள்ளைக்குச் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும், அதுதான் வேலை. விளையாட்டு சண்டையாக மாறும் முன் விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

தப்பாகச் சொன்னால் திருத்தலாமா?

திருத்த வேண்டாம், திருப்பிச் சொல்லுங்கள். “நேத்து நான் நாளைக்கு போனேன்” என்று மூன்று வயது சொல்கிறது. “அப்படியா, நேத்து போனியா! அங்க யாரப் பாத்த?” என்றால் சரியான வடிவமும் காதில் விழுந்தது, பேச்சும் அறுந்து போகவில்லை.

சின்னப் பிள்ளைக்கு இதையே நீட்டிச் சொல்லலாம். பிள்ளை “பந்து” என்றால் நீங்கள் “பந்து உருளுது”. “பந்து உருளுது” என்று வந்துவிட்டால், “பந்து கட்டிலுக்கு அடியில உருளுது”. எப்போதும் பிள்ளையைவிட ஒரு படி மேலே, இரண்டு படி வேண்டாம். தமிழில் சொல்லின் வாலில்தான் பாதி அர்த்தம் உட்கார்ந்திருக்கிறது: கட்டில், கட்டிலில், கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து. அந்த வால்கள் காதில் தெளிவாக விழ வேண்டும். ‘கட்டில். பந்து. போ.’ என்று தந்தி அடிப்பதுபோல் பேசினால் அவை விழாது. சின்ன வாக்கியம் போதும், ஆனால் முழு வாக்கியம்.

செல்லமாக, இழுத்து இழுத்துப் பேசலாமா? இல்லை பெரியவர்களிடம் பேசுவதுபோலவா?

தாராளமாக இழுத்துப் பேசலாம். ஏற்ற இறக்கத்தோடு, மெதுவாக, கொஞ்சம் உச்சக் குரலில் பேசினால் கைக்குழந்தை கூடுதலாகக் கவனிக்கிறது. சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் பிடிபடுகிறது. சொல்லை மட்டும் சிதைக்காதீர்கள். பிள்ளை ‘தாவி’ என்றால் நீங்களும் ‘தாவி’ என்க வேண்டாம். கொஞ்சியபடியே ‘சாவி’ என்று சொல்லுங்கள்.

மொபைலில் ரைம்ஸ் பார்த்து நூறு வரை எண்ணுகிறான், எழுத்தெல்லாம் சொல்கிறான். நல்லதுதானே?

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். நான் கேட்பது வேறு: “தாகம் எடுத்தால் உங்களிடம் எப்படிச் சொல்வான்?” பல நேரம் பதில், “என் கையைப் பிடித்து இழுத்துப் போவான்.” நூறு வரை எண்ணத் தெரிந்தும் ‘தண்ணி’ கேட்கத் தெரியாவிட்டால், அவனிடம் இருப்பது ஒலிப்பதிவு. மொழி இனிமேல்தான் வர வேண்டும்.

2003-இல் அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு ஒரு சோதனை செய்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், ஒன்பது மாத வயது. ஒரு குழுவோடு சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு முறை விளையாடினார், படித்துக் காட்டினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரில் கேட்டவர்கள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. திரை பந்தை வீசும், திரும்பி வாங்கிக்கொள்ளாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: இரண்டு வயது நிறையும் வரை திரை முன் உட்கார வைக்க வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. சமைக்கும் நேரத்தில் இருபது நிமிடம் போட்டுக் கொடுத்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள், அது தேவையில்லை. யாரும் பார்க்காமல் நாள் முழுக்க ஓடும் டிவிதான் எனக்கு உறுத்தல். அது ஓடும்போது வீட்டில் பெரியவர்களும் குறைவாகவே பேசுகிறார்கள். தூரத்து உறவுகளோடு வீடியோ கால் பேசுவது வேறு கணக்கு. அதில் எதிரே ஆள் இருக்கிறார், பதில் வருகிறது.

வீட்டில் இரண்டு மொழி. குழம்பிப்போய்விடாதா?

குழம்பாது. ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984-இல் காட்டினார்கள்: ஆறு மாதக் குழந்தை தன் வீட்டில் கேட்டிராத மொழியின் ஒலிகளைக்கூடப் பிரித்தறிகிறது. ஒரு வயதை நெருங்கும்போது, கேட்காத மொழிகளின் ஒலிகளுக்கு அந்தக் கூர்மை மழுங்குகிறது. இரண்டு மொழிக்குத் தாங்கும் காதோடுதான் பிள்ளை பிறக்கிறது.

ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியையும் கலப்பது குழப்பத்தின் அடையாளம் இல்லை. நாமே நாள் முழுக்க அதைத்தான் செய்கிறோம். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டி எண்ணுங்கள். தமிழில் 30, இன்னொன்றில் 25 என்றால் பிள்ளையிடம் 55 இருக்கிறது.

“பேச்சு வரும் வரை ஒரு மொழியை நிறுத்துங்கள்” என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அதனால் பேச்சு சீக்கிரம் வராது. வீட்டில் எந்த மொழியில் உங்களுக்குக் கொஞ்சவும் திட்டவும் கதை சொல்லவும் வருமோ அதில் பேசுங்கள். பள்ளிக்காக என்று தட்டுத்தடுமாறி இன்னொரு மொழியில் பேசும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குக் கிடைப்பது பத்துக் கட்டளைகள்தான்: வா, போ, உட்கார், வேண்டாம்.

புத்தகம் எப்போது தொடங்கலாம்?

உட்காரத் தெரிந்ததும். முதலில் கடிக்கும், பரவாயில்லை. எழுத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிள்ளை எந்தப் படத்தில் நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். “அய்யோ, இவன் ஏன் அழுறான்?” போல ஒரு வார்த்தையில் முடியாத கேள்வி ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். இப்படிப் பேச்சாகப் படிக்கும் முறையை 1988-இல் சோதித்தபோது, ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைத் தாண்டிப் போனது. ஒரே புத்தகத்தை நாற்பதாவது முறை கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள். திரும்பக் கேட்பதில்தான் சொல் ஒட்டுகிறது.

காக்காவை ‘தாத்தா’ என்கிறாள். உச்சரிப்புக்குப் பயிற்சி வேண்டுமா?

ஒரு மூன்று வயதுக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு “தாத்தா! தாத்தா!” என்று கத்தியதும், உள்ளே இருந்த தாத்தா “என்னடா கண்ணு” என்று எழுந்து வந்த கதையை அந்த வீட்டார் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ‘க’ பின்நாக்கில் பிறப்பது, ‘த’ முன்நாக்கில் பிறப்பது. பிள்ளைகளுக்கு முன்நாக்குதான் முதலில் வசப்படும். அதனால் ‘க’ இருக்கும் இடமெல்லாம் ‘த’. பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதுக்குள் தானே சரியாகிவிடும்.

ப, ம, த, ந போன்றவை சீக்கிரம் வரும். ‘ச’ கொஞ்சம் தள்ளி. ‘ர’ இன்னும் தள்ளி. அதுவரை ‘காரு’ என்பது ‘காலு’தான். ‘ழ’ கடைசி. ‘மழை’ நெடுநாள் ‘மயை’யாகவே பெய்யும். ‘ழ’ வராத பெரியவர்களே இத்தனை பேர் இருக்கும்போது நான்கு வயதுப் பிள்ளையை அதற்காக வாட்ட வேண்டாம்.

ஒரு சோதனை சொல்கிறேன். காக்காவைக் காட்டி, பிள்ளையிடம் “அது தாத்தாவா?” என்று கேளுங்கள். “இல்ல, தாத்தா!” என்று கோபித்துக்கொண்டால் காதில் வித்தியாசம் தெரிகிறது, வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை. ஐந்து வயதில் மெய்யொலிகளில் பெரும்பாலானவை வந்திருக்க வேண்டும். மூன்று வயதில் வீட்டாருக்கே பாதி புரியவில்லை, நான்கு வயதில் வெளியாள் திணறுகிறார், உயிரொலிகளே மாறுகின்றன, ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மாதிரி வருகிறது என்றால் அழைத்து வாருங்கள்.

நாக்கு ஒட்டியிருக்கிறது என்கிறார்கள். வெட்டினால் பேச்சு வருமா?

நாக்கு ஒட்டியிருப்பதால் பிள்ளை பேசாமல் இருப்பதில்லை. பால் குடிப்பதில் சிரமம் தரலாம். அபூர்வமாக ஓரிரு ஒலிகளின் உச்சரிப்பு கெடலாம். சொல்லே வராத பிள்ளைக்கு நாக்கடியில் ஒட்டியிருக்கும் சவ்வை வெட்டினால் நாக்கு நீளும், சொல் வராது.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று திக்குகிறான். என்ன செய்வது?

இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் சுமார் இருபது பிள்ளைகளில் ஒருவருக்கு இது வருகிறது, பல நேரம் ஒரே வாரத்தில். பயமுறுத்தியதாலோ, திட்டியதாலோ, திக்குபவரைப் பார்த்துப் பழகியதாலோ வருவதில்லை. நீங்கள் செய்த எதுவும் காரணமில்லை. நான்கில் மூன்று பேருக்குக் காலப்போக்கில் போய்விடும்.

“நான்… நான்… நான் வரேன்” என்று முழுச் சொல்லைத் திருப்புவது அந்த வயதுக்குச் சாதாரணம். “நா-நா-நா-நான்” என்று முதல் ஒலியில் மாட்டுவது, “ம்ம்ம்ம்மாமா” என்று இழுப்பது, வாய் திறந்தும் சத்தமே வராமல் நிற்பது, கூடவே கண்ணை இறுக்குவது, காலை உதைப்பது, இவை திக்கல்.

“மெதுவா பேசு”, “மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு” என்று சொல்லாதீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பிள்ளைக்குக் கேட்பது ‘நீ பேசுறது சரியில்ல’ என்றுதான். மெதுவாகப் பேச வேண்டியது நீங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காமல், கண்ணை எடுக்காமல், அவன் முடிக்கும் வரை கேளுங்கள். குடும்பத்தில் திக்குபவர் இருந்தாலோ, ஆறு மாதத்தைத் தாண்டினாலோ, பிள்ளை பேசவே தயங்கினாலோ உடனே வாருங்கள். இந்த வயதில் பயிற்சிக்கு நல்ல பலன் உண்டு.

வீட்டில் வாய் ஓயாது, பள்ளியில் ஒரு வார்த்தை கிடையாது.

பள்ளி தொடங்கிய முதல் மாதத்தில் என்றால் விடுங்கள், பழகட்டும். அதையும் தாண்டி நீண்டால், அது பிடிவாதம் இல்லை. பேச வேண்டிய இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும் ஒருவகைப் பதற்றம். ‘ஒரு வார்த்தை பேசினா சாக்லேட்’ என்று வகுப்பு முன்னால் நிறுத்துவது அதை இறுக்கும். ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள், குழந்தை உளவியலாளரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள்.

பேசிக்கொண்டிருந்த சொற்களை நிறுத்திவிட்டாள்.

எந்த வயதாக இருந்தாலும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

பேச்சுத் தாமதம் என்றால் ஆட்டிசமா?

பேச்சு மட்டும் தாமதம் என்றால் பெரும்பாலும் இல்லை. ஆட்டிசத்தில் சொல்லுக்கு முந்தைய இடத்திலேயே வித்தியாசம் தெரியும்: ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒன்றரை வயதிலும் ‘அதோ பார்’ என்று விரல் காட்டுவதில்லை, எதையும் கொண்டுவந்து காட்டுவதில்லை, பொய்யாகச் சமைப்பது, பொம்மையைத் தூங்கவைப்பது போன்ற விளையாட்டு இல்லை. இவற்றில் ஓரிரண்டு இருந்தால் மதிப்பீட்டுக்குப் போங்கள். இணையத்தில் இரவு முழுக்கப் படித்துக்கொண்டிருப்பது மதிப்பீடு ஆகாது.

வேறொன்றும் இருக்கிறது, அதன் பெயர் பலருக்குத் தெரியாது: வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு. காது சரி, அறிவு சரி, பழகுவதும் சரி, மொழி மட்டும் பிடிபடாது. சுமார் நூறு பிள்ளைகளில் ஏழு பேருக்கு உண்டு. பள்ளிக்குப் போன பின் ‘கவனமில்லை’, ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் இவர்களும் உண்டு.

சைகையும் படமும் காட்டிப் பழக்கினால் வாயைத் திறக்கவே மாட்டானே?

எல்லாப் பெற்றோருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. 2006-இல் இது பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, நம்பகமாகச் செய்யப்பட்டவற்றில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைதான் அடுத்து வாயைத் திறக்கும்.

பயிற்சியில் என்ன நடக்கும்?

முதல் நாள் பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து விளையாட்டு. “இதுக்கா வந்தோம்?” என்று சில அப்பாக்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். விளையாட்டில்தான் பிள்ளை எதைப் பார்க்கிறது, எப்படிக் கேட்கிறது, எதைக் கண்டு விலகுகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதன் பிறகு பயிற்சியில் பாதி உங்களுக்குத்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் நான், மிச்ச நேரமெல்லாம் நீங்கள். பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பயிற்சி இந்த வயதுக்கு எனக்கு உடன்பாடில்லை.

நேரம் கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை?

செவித்திறன் சோதனையை முடித்துவிடுங்கள். அதற்கு இந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ஒரு தாளை எடுத்துச் சமையலறைக் கதவில் ஒட்டி, பிள்ளை சொல்லும் சொற்களை எழுதுங்கள். தெளிவாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே ஒலி வந்தால் அது சொல். ‘மா’ என்றால் மாடு என்று வீட்டுக்கே தெரியும் என்றால் ‘மா’வை எழுதுங்கள். ‘லொள் லொள்’ என்று நாயைக் காட்டினால் அதுவும் சொல்தான். நீங்கள் சொல்லச் சொல்லித் திருப்பிச் சொன்னதைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி போடுங்கள்.

அப்புறம், பிள்ளைக்குத் தெரியாமல் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். தரையில் உட்கார்ந்து நீங்களும் பிள்ளையும் விளையாடுவதாக இருக்கட்டும். “மாமாக்கு ஹாய் சொல்லு” வீடியோ வேண்டாம், அது என்னிடம் நிறைய இருக்கிறது. எடுத்ததை இரவில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், நீங்கள் பேசியது எத்தனை முறை, பிள்ளைக்கு இடம் விட்டது எத்தனை முறை என்று எண்ணியபடி. முதல் சந்திப்பில் தாளையும் வீடியோவையும் கொண்டு வாருங்கள்.